கசாப்புக் கடை காப்பாற்றிய கோவில்

போர்த்துகல் நாட்டில் எவோரா என்றொரு சிறிய நகரம். அதன் நடுவே, ஊரின் மேடான இடத்தில், 14 கல் தூண்கள் நிற்கின்றன. மேலே கூரை இல்லை. உள்ளே கருவறைச் சுவர் இல்லை. தூண்களும், அவற்றைத் தாங்கும் உயரமான கல் மேடையும் மட்டும்தான். ரோமானியர்கள் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பு எழுப்பிய கோவிலின் மிச்சம் அது.

இத்தனை காலம் அது எப்படித் தப்பியது? மன்னர்கள் காப்பாற்றினார்களா? பக்தர்களா? படித்த அறிஞர்களா? மூன்று பேரும் இல்லை. காப்பாற்றியவர்கள் இறைச்சி வெட்டுகிறவர்கள். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 1836 வரை, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தக் கோவிலுக்குள் நடந்தது கசாப்புக் கடை!

இந்த வாரம் உங்களை எவோராவுக்குத்தான் அழைத்துப் போகிறேன். அதற்கு இரண்டு காரணங்கள். 2027-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்றாக எவோரா தேர்வாகியிருக்கிறது. அதனால் பயண விளம்பரங்களில் அந்தப் பெயர் உங்கள் கண்ணில் அடிக்கடி படும். அது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஒரு பழைய கட்டடம் ஏன் நிலைக்கிறது, இன்னொன்று ஏன் அழிந்துபோகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் ஊர்கள் குறைவு. ரோமானியர் காலத்துக் கோவிலும், நடுக்காலத்துக் கிறிஸ்தவப் பேராலயமும் அங்கே அண்டை வீடுகள் போல இருக்கின்றன. இரண்டுமே பிழைத்தவை. பிழைத்த விதம் மட்டும் வேறு வேறு.

பேரரசருக்கு ஒரு கோவில்

எவோரா, தலைநகர் லிஸ்பனுக்குக் கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், அலென்டெஜோ என்னும் பரந்த வெளியில் இருக்கிறது. கோதுமை வயல், ஆலிவ் தோப்பு, தக்கை மரக்காடு என்று நீளும் நிலம். போத்தல் மூடிக்குப் பயன்படும் தக்கை, இந்த மரங்களின் பட்டையிலிருந்துதான் உரிக்கப்படுகிறது.

ரோமானியர் காலத்தில் ஊரின் பெயர் எபோரா. கி.பி. முதல் நூற்றாண்டில் ஊர் உச்சியிலிருந்த பொதுச் சதுக்கத்தில் இந்தக் கோவிலைக் கட்டினார்கள். பேரரசர் அகஸ்டஸின் வழிபாட்டுக்காகக் கட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பேரரசரைத் தெய்வமாக்கி வணங்குவது அன்று ரோமானிய மாநிலங்களில் இருந்த வழக்கம்தான். பக்தியும் அதில் இருந்தது, "நாங்கள் உங்கள் பக்கம்" என்று தலைநகருக்குச் சொல்லும் அரசியலும் இருந்தது.

தூண்களின் உடல் கிரானைட். அடிப்பகுதியும் தலைப்பகுதியும் வெள்ளைப் பளிங்கு. அந்தப் பளிங்கு வந்தது பக்கத்திலுள்ள எஸ்ட்ரெமோஸ் என்ற ஊரிலிருந்து. அந்த வட்டாரத்தில் இன்றும் பளிங்கு வெட்டி எடுக்கிறார்கள். தூண் தலைகளில் இலைகள் சுருண்டு விரிவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். கொரிந்தியப் பாணி என்பார்கள். கோவிலைச் சுற்றி நீர்த்தொட்டி இருந்ததையும் பிற்கால அகழாய்வு காட்டியிருக்கிறது. தண்ணீரில் தூண்களின் நிழல் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் இதை "டயானா கோவில்" என்று போட்டிருப்பார்கள். வேட்டைத் தெய்வமான டயானாவுக்கும் இந்தக் கோவிலுக்கும் தொடர்பு இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் மனுவேல் ஃபியாலோ என்ற பாதிரியார் எழுதிவைத்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. பேரரசர் பெயர் போய்விட்டது, பிறகு வைத்த பெயர் நின்றுவிட்டது.

கல் திருடர்களும் சுண்ணாம்புச் சூளையும்

பழைய கட்டடங்கள் மழையாலும் வெயிலாலும் அழிகின்றன என்றுதான் நாம் நினைக்கிறோம். ஓரளவுக்கு அது உண்மை. ஆனால் ரோமானியக் கட்டடங்களுக்குப் பெரிய எதிரி வானிலை அல்ல, அடுத்த தலைமுறைக் கொத்தனார்தான்.

4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வங்களின் வழிபாட்டைத் தடை செய்தார். கோவில்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத கட்டடம், ஊராருக்கு இலவசக் கல் கிடங்கு. செதுக்கிய கல்லை உருவிக்கொண்டு போய் வீடு கட்டலாம், மதில் கட்டலாம். கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த இரும்பையும் ஈயத்தையும் நோண்டி எடுக்கலாம். பளிங்காக இருந்தால் இன்னும் வசதி. அதைச் சூளையில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். ஒரு காலத்தில் சிற்பி மாதக்கணக்கில் செதுக்கிய சிலை, ஒரே வாரத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் பூச்சாகிவிடும். ரோம் நகரிலேயே அப்படிச் சாம்பலான பளிங்கு ஏராளம்.

இந்தக் கதியிலிருந்து தப்பியவை எவை என்று பாருங்கள். ரோம் நகரின் பாந்தியன் கோவில் இன்றும் முழுசாக நிற்கிறது. காரணம், 609-ஆம் ஆண்டிலேயே அதைக் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றினார்கள். பிரான்ஸின் நீம் நகரில் "மேசோன் காரே" என்ற ரோமானியக் கோவில் ஏறக்குறைய சேதமில்லாமல் இருக்கிறது. அது நகரத் தலைவர்கள் கூடும் இடமாகவும், குதிரை லாயமாகவும், தேவாலயமாகவும், அரசு ஆவணக் காப்பகமாகவும் மாறி மாறி வேலை பார்த்தது. குரோஷியாவின் ஸ்பிளிட் நகரக் கதை இன்னும் வேடிக்கை. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய பேரரசர் டயோக்ளீஷியன் தனக்காக அங்கே ஒரு கல்லறை மண்டபம் கட்டினார். பிற்காலத்தில் அதுவே கிறிஸ்தவப் பேராலயம் ஆனது. பக்கத்தில் இருந்த ஜுபிடர் கோவில் ஞானஸ்நானம் கொடுக்கும் இடமாயிற்று.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். ஏதோ ஒரு குடித்தனக்காரர் உள்ளே இருந்தார். அவர் நல்லவரா, கலை தெரிந்தவரா என்பது பொருட்டே இல்லை. கூரை ஒழுகினால் அவருக்கு நட்டம். அதனால் ஓட்டை அடைபட்டது. சுவர் சாய்ந்தால் அவருக்கு ஆபத்து. அதனால் முட்டுக் கொடுத்தார். எவனாவது கல்லைப் பிடுங்க வந்தால் விரட்டினார்.

என் தொழிலில் இதை நான் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது. வானொலியில் பழைய ஒலிப்பதிவுகள் பிழைத்த கதையும் இதேதான். அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவைத்த நாடாக்கள் பூஞ்சை பிடித்தும் ஒட்டிக்கொண்டும் வீணாகும். நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் அடிக்கடி ஒலிபரப்பான பாட்டும் பேட்டியும், நாடாவிலிருந்து குறுந்தட்டுக்கும் குறுந்தட்டிலிருந்து கணினிக்கும் கை மாறி மாறி வந்து சேரும். எடுத்துப் பயன்படுத்தியதால் பிழைத்தவை அவை.

தூண்களுக்கு நடுவே சுவர்

எவோராக் கோவிலுக்கு வருவோம். ரோமானிய ஆட்சி முடிந்தது. ஜெர்மானியக் குடிகள் வந்தார்கள். பிறகு 8-ஆம் நூற்றாண்டு முதல் முஸ்லிம் ஆட்சி. 1165-இல் ஜெரால்டோ என்ற துணிச்சல்கார வீரர் நகரைப் பிடித்துப் போர்த்துகல் மன்னரிடம் ஒப்படைத்தார். "அஞ்சாத ஜெரால்டோ" என்றே அவருக்குப் பட்டப்பெயர்.

இந்தக் குழப்பங்களில் கோவில் நிறைய இழந்திருந்தது. ஆனால் நடுக்காலத்தில் அதற்குப் புது வேலை கிடைத்தது. தூண்களுக்கு இடையே இருந்த வெளியைக் கல்லும் சாந்தும் வைத்து அடைத்தார்கள். தூண் வரிசை சுவர் ஆகிவிட்டது. கோட்டையைச் சேர்ந்த பலமான வீடாகக் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு நகரத்தின் இறைச்சிக் கூடம் ஆனது. மேலே கோட்டைபோல முகடுகள் வைத்தார்கள். பழைய ஓவியங்களில் பார்த்தால், அது ரோமானியக் கோவில் என்றே தோன்றாது. தடித்த, சதுரமான ஒரு கட்டடம். சுவருக்குள் பாதி புதைந்த தூண்கள் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அப்படி அடைத்ததுதான் தூண்களைக் காத்தது. சுவருக்குள் இருந்த தூணை யாராலும் உருவ முடியாது. பளிங்குத் தலைகளைச் சூளைக்கு எடுத்துப்போகவும் முடியாது. எடுத்தால் இறைச்சிக் கூடம் இடிந்து விழும். ஊருக்கு நாளைக்குக் கறி கிடைக்காது. தொல்பொருள் சட்டமெல்லாம் இல்லாத காலத்தில் இதைவிடப் பலமான பாதுகாப்பு ஏது?

1836-இல் இறைச்சிக் கூடம் காலி செய்யப்பட்டது. இனி என்ன செய்வது? 1840-இல் நகரப் பொது நூலகத்தின் இயக்குநராக இருந்த குன்யா ரிவாரா, கோவிலின் வடக்குப் பக்கம் ஒட்டிக் கட்டியிருந்த கட்டடங்களை இடிக்க அனுமதி வாங்கினார். அங்கே அகழாய்வும் நடந்தது. பிறகு 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜுசெப்பே சினாத்தியின் மேற்பார்வையில் நடுக்காலச் சுவர்கள் மொத்தமும் நீக்கப்பட்டன. தூண்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் எவோராக் கோவில் அப்போது பிறந்ததுதான்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சினாத்தி செய்தது சரியா, தவறா?

சரி என்பதற்குக் காரணம் கண்முன்னே நிற்கிறது. அந்தச் சுவரை எடுக்காமல் விட்டிருந்தால், மாலை வெயிலில் நிற்கும் அந்தத் தூண்களை நாம் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் இழந்ததும் சிறிதல்ல. ரோமானியர்கள் அந்தக் கோவிலில் வழிபட்டது முன்னூறு நானூறு ஆண்டுகள் இருக்கும். இறைச்சிக் கடைக்காரர்கள் அங்கே தொழில் செய்ததும் கிட்டத்தட்ட அதே அளவு காலம். ஒரு பாதியை "வரலாறு" என்று வைத்துக்கொண்டு, மறுபாதியை "அழுக்கு" என்று சுரண்டி எறிந்துவிட்டார்கள். கோவிலை உண்மையில் காப்பாற்றியவர்களுக்கு இன்று அங்கே ஒரு கல்கூட மிச்சமில்லை. பேரரசரின் பெருமை நின்றது, கத்தி பிடித்த கைகளின் உழைப்பு குப்பைக்குப் போனது.

இந்தக் கேள்வி வல்லுநர்களையும் விட்டுவைக்கவில்லை. 1964-இல் உருவான வெனிஸ் சாசனம் இன்றும் உலகம் முழுவதும் நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலத்தவரும் செய்த பங்களிப்பை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குத் திருப்பிக் கொண்டுபோவது நோக்கமாக இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. சமுதாயத்துக்குப் பயன்படும் ஏதாவது ஒரு வேலையில் கட்டடம் இருந்தால் அதைப் பாதுகாப்பது எளிதாகும் என்றும் சொல்கிறது. எவோராவின் இறைச்சி வியாபாரிகள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் செய்துகாட்டியதை, வல்லுநர்கள் 1964-இல் எழுத்தில் வைத்தார்கள்.

யாரும் காலி செய்யாத வீடு

கோவிலிலிருந்து ஓரிரு நிமிடம் நடந்தால் பேராலயம். போர்த்துகலின் நடுக்காலப் பேராலயங்களில் இதுதான் மிகப் பெரியது. 1186-இல் முதல் கட்டடம் தொடங்கியது. 1280-க்கும் 1340-க்கும் இடையே அதைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். இளஞ்சிவப்பு கலந்த கிரானைட் கல். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டைபோல இருக்கும். முகப்பில் இரண்டு கோபுரங்கள், இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஏதோ அண்ணன் தம்பி வெவ்வேறு உடையில் நிற்பதுபோல் இருக்கும். வாசலின் இரு பக்கமும் இயேசுவின் திருத்தூதர்கள் பன்னிருவரின் சிற்பங்கள். கட்டடத்தின் நடுவில் வெளிச்சம் உள்ளே இறங்குவதற்காக ஒரு விளக்குக் கோபுரம்.

இந்தக் கட்டடம் பிழைத்தது எப்படி? இதன் குடித்தனக்காரர் ஒருநாளும் காலி செய்யவில்லை. எண்ணூறு ஆண்டுகளாக அதே வேலை, அதே வழிபாடு. ஆனால் "அப்படியே" இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். புழங்குகிற வீடு மாறிக்கொண்டேதான் இருக்கும். 1718-இல் பழைய காத்திக் பாணிப் பலிபீடப் பகுதியை இடித்துவிட்டு, வண்ணப் பளிங்கில் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். 1746-இல் முடிந்தது. கட்டடக் கலைஞர் லுடோவிசே. மன்னர் ஐந்தாம் ஜோவாவின் காலம், கையில் பணம் புரண்ட காலம். இன்று உள்ளே நுழைந்தால், இருண்ட கிரானைட் மண்டபத்தைக் கடந்ததும் திடீரென்று பளபளப்பான பளிங்கு அறை எதிர்ப்படும். இரண்டு வேறு காலங்கள் ஒரே கூரையின் கீழ். யாரும் வந்து "எது அசல், எதை இடிக்கலாம்" என்று கேட்கவில்லை.

உள்ளே பெண்கள் அதிக நேரம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கருவுற்ற வயிற்றோடு நிற்கும் மரியாளின் வண்ணச் சிலை. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருப்பார். மகப்பேறு நல்லபடி அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள இன்றும் வருகிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்தால் அது கலைப்பொருள் மட்டும். இங்கே அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

வானொலிக்காரி என்பதால் என் காது போவது ஆர்கன் பக்கம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய இசைக்கருவி அது. 1582-இல் ஜப்பானின் நாகசாகியிலிருந்து நான்கு பதின்ம வயதுப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தூதர்களாக அனுப்பப்பட்டார்கள். மக்காவ், மலாக்கா, கோவா என்று கடல் வழியாக வந்து, 1584-இல் போர்த்துகலில் இறங்கினார்கள். எவோராவுக்கு வந்தபோது அவர்களில் இருவர், மான்சியோவும் மிகேலும், இந்தப் பேராலயத்தின் ஆர்கனை வாசித்துக் காட்டினார்கள். உலகின் மறு கோடியிலிருந்து வந்த பையன்கள் ஐரோப்பிய இசையை வாசிப்பதைக் கேட்டு ஊரே வியந்தது. நம் மலாக்கா நீரிணையைத் தாண்டிப் போன பிள்ளைகளின் கைவிரல்கள் தொட்ட கருவி என்று நினைத்துப் பார்த்தால் எவோரா அவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

ஊரே ஒரு குடித்தனம்

1986-இல் யுனெஸ்கோ எவோராவின் பழைய நகரப் பகுதியை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கவனித்துப் பார்த்தால், கோவிலும் பேராலயமும் மட்டுமல்ல, ஊரே இப்படித்தான் பிழைத்திருக்கிறது என்பது புரியும்.

1530-களில் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய உயர்ந்த வளைவுக் கால்வாய் ஒன்று இருக்கிறது. பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் அது, ஊருக்குள் நுழையும் இடத்தில் வளைவுகளுக்கு அடியிலேயே வீடுகளையும் கடைகளையும் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு வளைவும் ஒரு வீட்டுக்குக் கூரை. கோவிலுக்குப் பக்கத்தில் 15-ஆம் நூற்றாண்டுத் துறவி மடம், இப்போது தங்கும் விடுதி. துறவிகள் படுத்த சிறு அறைகளில் இன்று பயணிகள் தூங்குகிறார்கள். நகராண்மைக் கழகக் கட்டடத்துக்குள் 1987-இல் ரோமானியக் குளியல் கூடம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வேறு வேலையாக அலுவலகத்துக்கு வருகிறவர் அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம்.

இத்தனைக்கும் நடுவே, வேலை இல்லாமல் நிற்பது அந்த 14 தூண்கள் மட்டும்தான். இன்று அவற்றைக் காப்பது சட்டமும், அரசாங்கப் பணமும், நம்மைப் போன்ற பயணிகளின் கைப்பேசிக் கேமராவும். இந்தப் புதுக் குடித்தனக்காரர்கள் நானூறு ஆண்டு தாங்குவார்களா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

மலாக்காவில் மிஞ்சிய வாயில்

இதைப் படிக்கும் உங்களுக்கு மலாக்கா நினைவு வந்திருக்கும். வர வேண்டியதுதான். எவோராவும் மலாக்காவும் ஒரே கடல் வரலாற்றின் இரண்டு முனைகள். இந்தியாவுக்குப் புறப்பட்ட வாஸ்கோ ட காமாவின் கப்பல் கொடிகளை 1497-இல் எவோராப் பேராலயத்தில்தான் ஆசீர்வதித்தார்கள் என்று அந்த ஊரில் ஒரு வழக்கு உண்டு. 14 ஆண்டுகள் கழித்து, 1511-இல், அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தார். உடனே ஆ ஃபாமோசா கோட்டையை எழுப்பினார். மசூதிகளையும் அரசர்களின் கல்லறைகளையும் பெயர்த்த கற்களும் அந்தக் கோட்டைக்குள் போயின. கல் திருடர்கள் எல்லா நாட்டிலும் உண்டு!

டச்சுக்காரர்களுக்குப் பிறகு மலாக்கா பிரிட்டிஷார் கைக்கு வந்தபோது, கோட்டைக்கு வேலை இல்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1807-ஐ ஒட்டி வெடி வைத்துத் தகர்த்தார்கள். ராஃபிள்ஸ் தலையிட்டதால் ஒரு வாயில் மட்டும் தப்பியது என்பது நாம் பள்ளியில் படித்த கதை. குன்றின் மேல் இருக்கும் புனித பால் ஆலயத்தைப் பாருங்கள். 1521-இல் சிறு ஆலயமாகத் தொடங்கியது. டச்சுக்காரர்கள் வேறு தேவாலயம் கட்டிக்கொண்டதும் இதில் வழிபாடு நின்றது. பிரிட்டிஷார் வெடிமருந்து வைக்கும் கிடங்காக்கினார்கள். இன்று கூரை இல்லாவிட்டாலும் சுவர்கள் நிற்கின்றன. எவோராவில் இறைச்சி, மலாக்காவில் வெடிமருந்து. கோட்டைக்கு வேலை போனது, கோட்டையே போனது. ஆலயத்துக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது, சுவராவது மிஞ்சியது.

போகிறவர்களுக்கு

லிஸ்பனிலிருந்து எவோராவுக்கு ரயிலிலோ பேருந்திலோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஆனால் ஓர் இரவு தங்குவது நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் போனபிறகு, விளக்கொளியில் தூண்களைப் பார்க்க வேண்டும். கோவில் திறந்தவெளியில் இருப்பதால் கட்டணம் இல்லை. பேராலயத்துக்குக் கட்டணம் உண்டு. கூரைத் தளத்துக்கு ஏறும் சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் வெள்ளை வீடுகளும் அலென்டெஜோ வெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 35 டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தும். நம் ஊர்ப் புழுக்கம் போல் இல்லை, தொண்டை வறளும் உலர்ந்த சூடு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போவது நல்லது.

நேரம் இருந்தால் கிழக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் விலா விசோசா என்ற ஊருக்கும் போய் வாருங்கள். பளிங்கு வெட்டி எடுக்கும் ஊர் அது. நமக்கு வேறு ஒரு சொந்தமும் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ் நூலைத் தந்த அன்றீக் அடிகளார் பிறந்தது அந்த ஊரில்தான். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது.

இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது பழைய கட்டடத்தின் முன் நிற்கும்போது, "இதைக் கட்டியது யார்?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெயர் பலகையிலேயே எழுதியிருக்கும். "அதற்குப் பிறகு இதில் யார் இருந்தார்கள்? என்ன செய்தார்கள்?" என்றும் கேளுங்கள். அதற்குத்தான் பலகை இருக்காது. பக்கத்துக் கடைக்காரரையோ வயதானவர்களையோ கேட்டால்தான் தெரியும்.

உங்கள் ஊரிலும் அப்படி வேலை மாறி மாறிப் பிழைத்த கட்டடம் ஒன்று இருக்கும். தியேட்டராக இருந்து மளிகைக் கிடங்கானதாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருந்து உணவுக் கடையானதாக இருக்கலாம். அதில் இருந்தவர்களின் கதை உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். சுவரை இடித்துப் பளபளப்பாக்க யாராவது வருவதற்கு முன்பு, அவர்கள் பெயராவது தாளில் ஏறட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.